ஒன்பது கேள்விக்குறிகள்

இரண்டாம் சனிக்கிழமை, நாலு மணி.
காளவாசலில் ஜெராக்ஸ் கடை மாடி.
பதினோரு பேருக்கு ஏழு பிளக் பாயிண்ட்.
சார்ஜர் வயர் மிதிக்காமல் உள்ளே போய் உட்கார
கொஞ்சம் நடனம் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் யாக்கோபு, வலைப்பக்கப் படிவங்கள்.
'கடைசிப் பெயர் கட்டாயம்' என்ற கட்டத்தில்
எல்லோரும் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வந்தோம்.
இந்த மாதம் ஹம்சவேணி, டேட்டாபேஸ்.

புத்தகத்து எம்ப்ளாயி டேபிள் வேண்டாம் என்றாள்.
(எங்களில் நாலு பேருக்கு
எந்த எம்ப்ளாயி டேபிளிலும் இன்னும் இடமில்லை.)
வில்லாபுரத்தில் அவள் அண்ணன் தண்ணீர் கேன் போடுகிறார்.
அந்தக் கணக்கையே கொண்டுவந்திருந்தாள்:
முந்நூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்,
போன கேன், வந்த கேன், முன்பணம், குறிப்பு.

முதலில் எழுத்து எண்ணினோம்.
மதுரை, நமக்கு மூன்று.
மெஷினுக்கு ஐந்து.
துவில் தொங்கும் வால் தனி, ரைக்கு முன்னால் வரும் சுழி தனி,
மெய்யின் தலையில் இருக்கும் புள்ளிகூட
அதற்குத் தனி ஆள்.
"தமிழய்யா கேட்டா அடிப்பாரு" என்றான் சிக்கந்தர்.

பிறகு லெஃப்ட் ஜாயின்.
கேன் வாங்கியவர் எல்லாம் இடப்பக்கம்,
திருப்பியவர் வலப்பக்கம்.
வலப்பக்கம் வெறுமையாய் நின்ற வரிசைகள் ஏழு.
ஏழாவதில் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள்.

சாஃப்ட்வேர் வாங்கிய புதிதில் அண்ணன்
ஆசைக்குத் தமிழில் அடித்த பெயராம்.
தமிழ் தெரியாத டேபிள் அது.
எழுத்துக்கு ஒன்றாய்க் கேள்வி கேட்டுவிட்டு
எழுத்தைத் தொலைத்துவிட்டது.
"இது திரும்ப வராது. யாருன்னு தெரியாது" என்றாள்.

முன்பணம்: பூஜ்யம்.
குறிப்பு மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாய் இருந்ததால்
பிழைத்துக்கிடந்தது:
வேலை கிடைச்சதும் வாங்கிக்கலாம்.

நான் கேள்விக்குறிகளை எண்ணினேன்.
ஒன்பது.
ஒ, ச், ச, ப், ப, ன்.
ஆறு எழுத்து, மூன்று புள்ளி.
மேசைக்கு அடியில் விரல் விட்டு
இன்னொரு தடவை எண்ணினேன்.
சிக்கந்தர் என்னைப் பார்க்கவில்லை.
அந்த அறையில் பாதி வாடகை அவனுடையது.

"அது நான்தாங்க."

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாயிருந்தது.
ஹம்சவேணி லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.
"உங்க பேரை நீங்களே திருத்துங்க.
முதல்ல டிரான்சாக்‌ஷன் ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினேன். அப்டேட் எழுதினேன்.
பெயர் சமம் ஒச்சப்பன்.
என்டர் தட்டினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வரிசைகள் மாற்றப்பட்டன.

வேர் போட மறந்திருந்தேன்.
பாண்டியம்மா மெஸ் ஒச்சப்பன்,
அல்போன்ஸ் டெய்லர் ஒச்சப்பன்,
மூணாவது தெரு டியூஷன் சென்டர்,
கேன் பாக்கி வைக்காத நல்லவர்கள் அத்தனை பேரும்
ஒச்சப்பன், ஒச்சப்பன்.
ஒரு நிமிடம் வில்லாபுரம் முழுக்க
எனக்குத் தாகம் எடுத்தது.

"கமிட் பண்ணலையே?"
"இல்ல."
"அப்ப ரோல்பேக். மூச்சு விடுங்க."

எல்லோரும் அவரவர் பெயருக்குத் திரும்பினார்கள்.
நான் மறுபடி ஒன்பது கேள்விக்குறி.

இரண்டாம் தடவை வேர் போட்டேன்.
வாடிக்கையாளர் எண் நாற்பத்தேழு, வேறு யாருமில்லை.
ஒரு வரிசை மாற்றப்பட்டது.
கமிட் அடிக்கும்போது
ஹம்சவேணி அடுத்தவருக்கு இண்டெக்ஸ் விளக்கப் போய்விட்டாள்.

இடைவேளையில் கீழே டீ.
அண்ணன் நம்பருக்குக் காசு அனுப்ப
போனை எடுத்தேன்.
"கேனே கேப்பாரு, அவருக்குக் காசு வேணாம்" என்றாள்
பின்னாலிருந்து.

அந்தக் கேன் இருக்கிறது.
இப்போதைய வீட்டு மாடியில்,
கழுத்தை ஆக்சா பிளேடால் அறுத்து
கறிவேப்பிலை நட்டிருக்கிறோம்.
செடி இடுப்பு உயரம்.

சிக்கந்தர் கிளாஸைக் கழுவியபடி கேட்கிறான்,
இதை எந்தப் பத்தியில்டா போடுவ?